காய்ச்சல் தணிந்தாலும் கவனம் தேவை

சிலாங்கூர்த் தோட்டங்களுக்குக் காய்ச்சல் புதிதன்று. ரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில், மலேரியாக் காய்ச்சல் கரையோரத் தோட்டங்களில் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து கொசுக்களைக் குறைத்தார். பின்னர் தோட்டங்களும் அம்முறையைப் பின்பற்றின.

இன்று கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் செம்பனையே மிகுதி. அச்சுறுத்தும் காய்ச்சலும் மாறிவிட்டது. மலேசியாவில் டிங்கிக் காய்ச்சலால் மிகுதியாகப் பாதிக்கப்படும் மாநிலம் சிலாங்கூர் ஆகும். இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூச்சாடித் தட்டு, பழைய டயர், மூடாத வாளி போன்றவற்றில் தேங்கும் நீரில் முட்டையிடுகிறது.

டிங்கிக் காய்ச்சல் திடீரெனக் கடுமையாகத் தொடங்கும். தலைவலி, கண்களுக்குப் பின்னால் வலி, தசைவலி, மூட்டுவலி ஆகியவை உடன் வரலாம். சிலருக்குத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். இத்தகைய அறிகுறிகள் தென்பட்டால் அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பலர் ஏமாந்து போவது இதன் பிறகுதான். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். நோய் நீங்கிவிட்டது என்று எண்ணிச் சிலர் வேலைக்கோ பள்ளிக்கோ சென்றுவிடுவர். உண்மையில், அபாயக் கட்டம் அப்பொழுதுதான் தொடங்கலாம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிவதால் இரத்த அழுத்தம் குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரிடக்கூடும்.

கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ பல் ஈறிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, மூச்சுத் திணறல், கைகால் குளிர்ந்து போதல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அல்லது 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

டிங்கி ஐயம் இருக்கும்பொழுது ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை உட்கொள்ளக் கூடாது. அவை இரத்தக் கசிவை மிகுதியாக்கும். பாராசிட்டமோலை உரிய அளவில் மட்டுமே உட்கொள்ளலாம். போதிய அளவு நீர் அருந்துவதும் ஓய்வெடுப்பதும் அவசியம்.

எல்லாக் காய்ச்சலும் டிங்கி அன்று. எலியின் சிறுநீர் கலந்த நீராலும் ஈர மண்ணாலும் பரவும் லெப்தோஸ்பைரோசிஸ் நோய், செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களைத் தாக்கக்கூடும். கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே, நோயாளி செய்யும் வேலையையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அது தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பது நலம். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மருத்துவர் அந்த நாளிலிருந்தே கணக்கிடுவார்.