சேதனப் பொசுபரசு நஞ்சும் நரம்பின் இலிப்பிட்டும்

வன்னியில் வயலுக்குப் பூச்சிநாசினி தெளிப்பதை ‘மருந்தடித்தல்’ என்றே கூறுவர். இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் ஆகியவற்றின் கீழ் நெல் விளைவிப்போர் நாவிற் பழகிய இச்சொல் நஞ்சொன்றை மறைத்து நிற்கின்றது. அந்நஞ்சுகளுள் முக்கியமான ஒரு வகுப்பு சேதனப் பொசுபரசுச் சேர்வைகளாகும்.

இவை நொதியங்களைத் தடுப்பவை. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் கோலினெசுத்தரேசு தடைப்பட்டதும் வியர்வையும் வாய்நீரும் பெருகும், கண்மணி சுருங்கும், மூச்சுத் திணறும். வைத்தியர் இதனை உடனே இனங்கண்டு அத்திரோப்பீன் கொடுப்பர். ஆனால், இச்சேர்வைகளுட் சில பிறிதொரு நொதியத்தையும் தாக்குகின்றன. எம். கே. ஜோன்சன் 1969இல் கோழி மூளையில் அடையாளங்கண்ட அந்நொதியம் பின்னர் ‘நரம்புநோய் இலக்கு எசுத்தரேசு’ எனப் பெயர் பெற்றது. அதன் இயற்கைப் பணி நெடுங்காலம் புலப்படவில்லை. கலமென்சவ்வின் தலையாய இலிப்பிட்டாகிய பொசுபற்றைடைல்கோலினையும் அதன் சிதைவுப் பொருளையும் நீர்ப்பகுத்து, அவற்றின் அளவைப் பேணுவது அதுவே என்பது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே தெளிவாயிற்று. மூளையில் இந்நொதியம் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் நரம்புக்கலங்கள் சிதைந்தமை 2004இல் அறிவிக்கப்பட்டது.

கோழியில் இந்நொதியத்தின் 70 வீதத்துக்கு மேல் மீளாவகையில் தடைப்பட்டால், ஒன்று முதல் மூன்று கிழமைகளின் பின் கால்கள் தளரும். நீண்ட நரம்பு நார்களின் நுனியே முதலிற் சிதைவதால் பாதத்திலிருந்தே முடக்கம் தொடங்குகின்றது. அத்திரோப்பீன் இதற்கு உதவாது. எலியோ சுண்டெலியோ இம்முடக்கத்தை எளிதிற் காட்டுவதில்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் பல நஞ்சுகள் இவ்வகையில் தீங்கற்றவையெனத் தப்பியிருக்கும். முதிர்ந்த கோழி பரிசோதனைக்குரிய பிராணியானது இதனாலேயே.

இலங்கை இதனை மனிதரிலும் கண்டது. 1977–78இல் தமிழ்ச் சிறுமியர் இருபது பேரளவில் கால் தளர்ந்தனர். பூப்பெய்தியபின் அவர்களுக்கு ஊட்டப்பட்ட நல்லெண்ணெயில் திரைகிரெசைல் பொசுபேற்று கலந்திருந்ததை சேனநாயக்க, ஜெயரத்தினம் ஆகியோர் 1981இல் வெளியிட்டனர். கனிய எண்ணெய் இருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெய் ஏற்றப்பட்டமையே காரணமாகலாம் என்றனர். எள் விளையும் வன்னியிலும் அவ்வழக்கம் உண்டு. குறை வழக்கத்தில் அன்று, கலத்தில். மறு ஆண்டு சேனநாயக்கவும் ஜோன்சனும் மெதமிடோபொசு என்னும் பூச்சிநாசினி அருந்தியோரிடமும் இம்முடக்கத்தை விவரித்தனர். இலங்கை அதனைத் தடைசெய்தது 1995இலேதான்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நஞ்சிலிருந்து மீண்டு வீடு செல்பவரை மூன்றாம் கிழமையில் மறுபடி அழைத்து நடக்கச் செய்து பார்த்தல் வேண்டும். அவர் வியர்வை அடங்கியதும் குணமடைந்ததாகவே எண்ணியிருப்பார். பின்வரும் கால் தளர்ச்சியை வயல் வேலையின் களைப்பென்றே கொள்வார்.