உஷார்! கனடா டிக்கெட் இலவசம், ‘ஃபைல் காசு’ மட்டும் கட்டச் சொல்கிறார்களா?

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவசரமாக ஒரு எச்சரிக்கை. நீலாத்ரி ரோட்டு பி.ஜி.யில் நான்கு பேருக்கு ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, மாதச் சம்பளத்தில் பாதியைக் கிருஷ்ணகிரி, ஈரோடு, திருவண்ணாமலைப் பக்கத்து அகதிகள் முகாமுக்கு அனுப்பும் தம்பி தங்கைகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அவர்கள் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது.

“கனடா அரசின் அகதிகள் மீள்குடியேற்றத் திட்டம். விமான டிக்கெட் அரசு செலவு. போய் இறங்கியதும் ஒரு வருடத்துக்கு வீட்டு வாடகை, சாப்பாட்டுச் செலவு அரசு தரும். முகாம் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும். இடங்கள் குறைவு.” மேலே ஐ.நா.வின் நீலச் சின்னம், பக்கத்தில் மேப்பிள் இலை, கீழே ஒரு மொபைல் நம்பர். கூப்பிட்டால் எதிர்முனையில் ஊர்த் தமிழ் கேட்கிறது. “தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதையும். டிக்கெட் காசு அங்கத்த கவர்மெண்ட் குடுக்கும். ஃபைல் திறக்க மட்டும் ஒரு சின்னத் தொகை கட்டோணும். இண்டைக்கே கட்டினா இந்த மாதப் பட்டியலில பேர் வரும்.”

கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இந்தப் பொய்யில் முக்கால்வாசி உண்மைதான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கனடாவில் மீள்குடியேற்ற உதவித் திட்டம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அரசே அழைத்துக்கொள்ளும் அகதிகளுக்கு வந்திறங்கிய உடன் தொடக்கச் செலவுக்குப் பணமும், பொதுவாகப் பன்னிரண்டு மாதம் வரை மாத உதவியும் தருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அகதி விசா பெற்றவரின் விமானச் செலவை அரசு ஏற்கிறது. இணையத்தில் தேடிப் பார்க்கும் பையனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். போனில் பேசியவர் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறதே என்று நினைத்து, ராத்திரி ஷிப்ட் முடிந்த களைப்பில், கூகுள் பேயைத் திறந்துவிடுவான்.

கனடாவின் அந்த உதவிக்கு யாரும் நேராக மனுப் போட முடியாது என்பது மட்டும் செய்தியில் இருக்காது. அரசு அழைத்துக்கொள்ளும் பட்டியலுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையமோ, அதுபோல் அங்கீகாரம் பெற்ற அமைப்போ பரிந்துரைக்க வேண்டும். ஆணையத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் கிடையாது. உலகம் முழுவதும் உள்ள அகதிகளில் ஒரு வருடத்தில் மூன்றாம் நாட்டுக்குக் குடியேற்றப்படுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களின் பொறுப்பை இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் நேரடியாக வைத்திருக்கின்றன. இங்கே ஆணையத்தின் சென்னை அலுவலகம் பார்த்துவந்த முக்கிய வேலை, தாமாகவே இலங்கை திரும்ப விரும்புபவர்களுக்கு உதவுவது. வாட்ஸ்அப்பில் கனடாவுக்கு ஆள் எடுக்கும் வேலை அங்கே இல்லை.

கனடா தரும் பயணச் செலவும் பெரும்பாலும் இலவசமல்ல, கடன். போய்ச் சேர்ந்த பிறகு தவணையாகக் கட்ட வேண்டும். 2018-ல் அதற்கு வட்டியை நீக்கினார்கள். காசு கேட்கும் நேரம் எது என்று கவனியுங்கள். நிஜத் திட்டத்தில் நீங்கள் அங்கே போய் வேரூன்றிய பிறகுதான் கேட்பார்கள். மோசடியில் ஃபைல் திறக்கும் முன்பே கேட்பார்கள். அதற்கப்புறம் மெடிக்கல், அப்புறம் ‘எம்பஸி கிளியரன்ஸ்’, அப்புறம் கைரேகை என்று வரிசையாக வரும்.

“மாமா டொரன்டோவில் இருக்கிறார், அவர் ஸ்பான்சர் செய்வதாக ஏஜென்ட் சொன்னார்” என்பவர்களும் உண்டு. ஐந்து பேர் சேர்ந்து ஒரு அகதியை வரவழைக்கும் தனியார் ஸ்பான்சர் வழி கனடாவில் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் புது விண்ணப்பங்கள் வாங்குவதை 2024 நவம்பர் 29 அன்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஸ்பான்சர் செய்கிறவர் அகதியிடம் காசு வாங்குவது அந்தத் திட்டத்தின் விதிக்கே விரோதம். அமெரிக்கா தன் அகதிகள் திட்டத்தை 2025 ஜனவரியில் அப்படியே நிறுத்தியது. கதவுகள் குறுகும்போதெல்லாம் தரகர்களுக்குக் கொண்டாட்டம்.

சரி, சில ஆயிரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? முடியாது. அடுத்த படியில் படகு காத்திருக்கிறது.

2021 ஜூன் மாதம் மங்களூரில் 38 இலங்கைத் தமிழர்களைப் போலீஸ் பிடித்தது. கனடாவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஆளுக்கு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக் கரையில் இறக்கியிருந்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் தேர்தல் கெடுபிடி. அதனால் அவர்களை முதலில் பெங்களூருக்கும் பிறகு மங்களூருக்கும் நகர்த்தி, லாட்ஜிலும் வாடகை வீட்டிலும் அடைத்து வைத்திருந்தார்கள். கனடாவின் கரையைக்கூடப் பார்க்காமல் அவர்கள் ஜெயிலைப் பார்த்தார்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் (என்.ஐ.ஏ.) கைக்குப் போனது. ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி தாண்டி வரும் பஸ்களில் யார் யாரை அழைத்து வருகிறார்கள் என்று யார் கவனிக்கிறார்கள்? தமிழ் பேசும் கூட்டத்துக்கு நடுவே பத்து இருபது பேரை வாரக்கணக்கில் ஒளித்து வைக்கப் பெங்களூரைவிட வசதியான ஊர் இல்லை. அதனால்தான் எலெக்ட்ரானிக் சிட்டியைப் பற்றித் தனியாகப் பயப்படுகிறேன்.

மங்களூரில் பிடிபட்டவர்கள் ஒரு வகையில் தப்பித்தவர்கள். அதே 2021 அக்டோபரில், கனடாவுக்கு என்று கிளம்பிய ஒரு மீன்பிடிப் படகு இந்தியப் பெருங்கடலின் நடுவே பழுதாகி, டியாகோ கார்சியா தீவில் கரைசேர்ந்தது. அமெரிக்க ராணுவத் தளம் உள்ள பிரிட்டிஷ் தீவு அது. படகில் இருந்த 89 பேரும் இலங்கைத் தமிழர்கள், அவர்களில் தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்தவர்களும் உண்டு. வேலி போட்ட இடத்தில், எலி ஓடும் கூடாரங்களில், குழந்தைகளோடு மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சிறைவைப்பே சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது, தொலைந்த மூன்று வருடத்தைத் திருப்பித் தர அதனால் முடியவில்லை.

2022 நவம்பரில் ‘லேடி ஆர்3’ என்ற பழைய கப்பலில் கனடாவுக்கு என்று ஏற்றப்பட்ட 300-க்கும் மேற்பட்ட இலங்கையர்கள் கடலில் தத்தளித்தார்கள். ஒரு ஜப்பானியக் கப்பல் காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்து அங்கே ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இவர்கள் யாருக்கும் பழைய துருப்பிடித்த படகு என்று சொல்லி டிக்கெட் விற்கவில்லை. எல்லாம் ‘சரியான வழி’ என்றுதான் சொல்லப்பட்டது.

தரகர்களின் இந்தப் பிழைப்பு இன்று நேற்றைய கதையல்ல. 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு அரசு தொழில் கடனும் வேலையும் கொடுத்தது. ஒரு பகுதியினர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்தார்கள். அந்தக் கடன் தொகையிலும் பங்கு பிடுங்கத் தரகர்கள் வந்து நின்றார்கள். உதவி கொடுக்க அரசு ஒரு கையை நீட்டினால், அதன் பக்கத்திலேயே இன்னொரு கை நீளும்.

இப்போது புதுசாக ஒரு மிரட்டலும் சேர்ந்திருக்கிறது. “புது சட்டம் வந்துட்டுது, இனி இந்தியாவில இருக்கேலாது, எல்லாரையும் அனுப்பப் போறாங்கள்” என்கிறார்கள். சட்டம் வந்தது நிஜம். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதையொட்டி வந்த ஆணையில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. இந்தப் பாதியைத் தரகர் சொல்ல மாட்டார்.

இங்கே எல்லாமே அந்தப் பதிவில்தான் நிற்கிறது. முகாமில் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) செக்கிங் வரும் நாளில் ஆள் இல்லாவிட்டால் அரசின் மாதப் பணக்கொடை நின்றுவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2021-ல்தான் 1,500 ஆனது. காசு சின்னதுதான், ஆனால் பேர் வெட்டுப்பட்டால் போவது காசு மட்டுமல்ல. பெங்களூரில் வேலைக்கு வந்தவர்கள், முகாமுக்கு வெளியே தங்க அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ‘வெரிஃபிகேஷனுக்கு’ என்று கேட்டால், முகாம் அடையாள அட்டையின் அசலை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். போட்டோகூட அனுப்ப வேண்டாம். அதை வைத்து உங்கள் பேரில் மோசடி செய்ய முடியும்.

“கனடா வேண்டாம், ஊருக்கே திரும்புகிறேன், அதற்கும் டிக்கெட் தருவார்களாமே” என்கிற பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. ஐ.நா. ஆணையத்தின் வழியாகத் திரும்பியவர்களுக்கு விமான டிக்கெட்டும் கொஞ்சம் கைச்செலவும் கிடைத்தது உண்மை. அதிலும் இடையில் ஏஜென்ட் கிடையாது. ஆனால் 2025-ல் அப்படித் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைதானார். முன்பு முறையான பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பது குற்றச்சாட்டு. குண்டுக்குப் பயந்து படகேறியவர் எந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வருவார் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுப் பயனில்லை. இன்றைய நிலவரம் என்ன என்று ஆணையத்திடமே விசாரிக்காமல் வீட்டுச் சாமான்களை விற்றுவிடாதீர்கள்.

எங்கே விசாரிப்பது? சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகம், ஐ.நா. ஆணையத்தின் சென்னை அலுவலகம், முகாம்களில் 1984 முதல் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். மூன்றில் ஒன்றைக் கேட்டாலே போதும். ஐ.நா. ஆணையம் என்று சொல்லி ஜிமெயிலிலிருந்து பதில் வந்தால் அது ஆணையம் அல்ல.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு, ஆகவே விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அகதி போலீசுக்குப் போக மாட்டான் என்ற தைரியத்தில்தான் அந்த ஆள் தொழிலே நடத்துகிறான். தனியாகப் போகத் தயக்கம் என்றால் கம்பெனி ஹெச்.ஆரையோ, முகாம் தலைவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொரு போனும் வரும். சில நாள் கழித்து, “சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், நீங்கள் இழந்த பணத்தை மீட்டுவிட்டோம், பத்து சதவீதம் கட்டினால் கணக்கில் ஏறும்” என்பார்கள். அதையும் கட்டாதீர்கள். உங்கள் நம்பரை அவர்களுக்குக் கொடுத்ததே பெரும்பாலும் முதல் ஆள்தான்.