நொடிக்கு ஒரு பிட்: கணினிக்கு நேரம் சொல்லும் வானொலி

கணினிக்குள் ஓடும் கடிகாரம் அப்படியொன்றும் ஒழுங்கானதல்ல. அதன் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 நொடி தவறிவிடும். இணையம் இருந்தால், வலைவழியே நேரம் சொல்லும் என்.டி.பி. சர்வர்கள் சரிசெய்துவிடும். பாதுகாப்புக்காக இணையத்தையே துண்டித்து வைத்திருக்கும் இடங்களில்? ஜெர்மனியில் அதற்கு வானொலி இருக்கிறது.

பிராங்பர்ட் அருகே மைன்ஃப்ளிங்கனில் உள்ள டி.சி.எஃப்.77 நிலையம் 1959 முதல் 77.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அணுக்கடிகாரத்தை ஒட்டிய நேரத்தையும் தேதியையும் 1973 முதல் குறியீடாக அனுப்புகிறது. பேச்சு, பாட்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை சட்டென்று இறங்கும். இறக்கம் 0.1 நொடி நீடித்தால் 0, 0.2 நொடி என்றால் 1. 59ஆம் நொடியில் மட்டும் இறக்கம் இராது. அதையடுத்து வரும் இறக்கம்தான் புது நிமிடத்தின் பிறப்பு.

நிமிடம் 37 என்று வையுங்கள். 21 முதல் 27 வரையிலான நொடிகளுக்கு 1, 2, 4, 8, 10, 20, 40 என்று மதிப்பு. எனவே 1110110 என்று வரும்: 7, பிறகு 30. இதில் ஐந்து 1கள். எண்ணிக்கை இரட்டைப்படையாக வேண்டும் என்பதால் 28ஆம் நொடியில் இன்னொரு 1. பிழை கண்டுபிடிக்க இவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டு பிட் ஒன்றாகக் கெட்டால் இது ஏமாந்துவிடும். அதனால் நல்ல மென்பொருள் அடுத்தடுத்த நிமிடங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கடிகாரத்தைத் தொடும்.

ரிசீவர் என்பது ஃபெரைட் தண்டில் கம்பி சுற்றிய ஆண்டெனாவும் ஒரு சிறு பலகையும்தான். சீரியல் போர்ட்டில் இணைத்தால் என்.டி.பி. நிரல் துடிப்புகளைப் படித்துக்கொள்ளும். வேலை வாங்குவது நிரலல்ல, ஆண்டெனாவை வைக்கும் இடம். கணினியின் பவர் சப்ளை எழுப்பும் இரைச்சலில் சிக்னல் மூழ்கிப்போகும்; சில மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். தண்டின் முனை நிலையத்தைப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டு பார்க்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி என்று அலையின் பயணத் தாமதத்தையும் கழிக்கலாம். ஆனால் மலிவான ரிசீவர்களின் வடிகட்டி அதைவிடப் பல மடங்கு தாமதிக்கும் என்பதால், முதலில் அதைச் சரிக்கட்டுவதே புத்திசாலித்தனம்.

வாங்கிப் பார்க்கலாமே என்று தோன்றினால், வேண்டாம். இதன் வீச்சு சுமார் 2,000 கிலோமீட்டர்தான், சென்னைக்கு எட்டாது. இங்கே அதே வேலைக்கு ஜி.பி.எஸ். ரிசீவர்தான் வழி. டி.சி.எஃப்.77 அனுப்பும் நெட்டலை கட்டடத்துக்குள்ளும் வரும், ஜி.பி.எஸ்ஸுக்கோ ஆண்டெனாவை வானம் தெரியும் இடத்துக்கு, பெரும்பாலும் மொட்டை மாடிக்கு, கொண்டுபோக வேண்டும்.