அரங்கறிந்து கருவி கொள்ளல்: கிதாருக்கு ஒரு சிறு வால்வுப் பெருக்கி

முன்னுரை

இயல், இசை, நாடகம் என மூவகைப்பட்ட தமிழில் இசைத்தமிழ் கருவியின்றி நடவாது. மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள், யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமையாசிரியன் ஆகியோரின் திறத்தை விளக்கியதோடு அமையவில்லை. அவ்வரங்கு நீளத்தில் எட்டுக் கோலும், அகலத்தில் ஏழு கோலும், உயரத்தில் ஒரு கோலும் உடையது என்று அளந்தும் காட்டினார். இசைப்பவர் யார் என்பது போலவே, எவ்வளவு இடத்தில் இசைக்கிறார் என்பதும் கருதத்தக்கது என்பது இதனாற் பெறப்படும். இவ்வுண்மை யாழுக்கு மட்டுமன்று; இன்று நம் இளைஞர்கள் கையில் ஏந்தியுள்ள மின் கிதாருக்கும் பொருந்தும்.

பெண்ணாடத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். அவர் தந்தையார் விருத்தாசலத்தில் பீங்கான் சூளையொன்றில் வேலை செய்பவர். மகனின் கிதார் ஆர்வத்தைக் கண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அவர் கையில் கொடுத்திருந்தார். "ஐயா, நூறு வாட் ஆம்ப்ளிபயர் ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டிலும் பழகலாம், கல்யாண மண்டபத்திலும் வாசிக்கலாம். வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு யாம் தேடித் தந்த விடையே இக்கட்டுரை. ஆம்ப்ளிபயரைப் பெருக்கி என்றே இதில் வழங்குவோம்.

வால்வு என்பது யாது?

மின் கிதாரின் கம்பி அதிரும்போது அதன் அடியிலுள்ள காந்தச்சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. அதைப் பன்மடங்காக்கி ஸ்பீக்கரை அசைப்பதே பெருக்கியின் பணி. இப்பணியை முதலில் செய்தது வால்வு. 1904இல் பிளெமிங் ஈர்முனை வால்வை அமைத்தார். 1906இல் லீ டி பாரஸ்ட் அதில் மூன்றாம் முனையாகக் கம்பிவலை ஒன்றைச் சேர்த்தார்.

இதன் செயலை ஏரி மடையோடு ஒப்பிடலாம். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலுள் சூடேறிய முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, எதிரேயுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையே நிற்கும் வலை மடைப்பலகை போன்றது. பலகையைச் சிறிது அசைத்தால் பெருநீரோட்டம் கூடியும் குறைந்தும் செல்வது போல, வலையில் தோன்றும் சிறு மாற்றம் பெரிய மின்னோட்டத்தை ஆள்கிறது. இவ்வால்வு வெப்பம் மிக்கது. நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இயங்குவது. எனவே அது அமரும் தாங்கி பல கருவிகளில் பீங்கானால் செய்யப்படுகிறது. சூட்டைத் தாங்கி மின்சாரத்தைத் தடுக்கும் அந்தப் பண்புதான் பியூஸ் கட்டைகளையும் மின்காப்பிகளையும் விருத்தாசலத்துச் சூளைகளுக்குக் கொண்டுவந்தது.

1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின் வானொலியிலிருந்து வால்வு மெல்ல மறைந்தது. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் வானொலி வால்வுகளைச் செய்து தந்தது. ஆயினும் கிதார் உலகில் மட்டும் வால்வு நிலைத்தது. காரணம் அதன் குறையே குணமாக அமைந்தமை. தன் எல்லையைத் தாண்டும்போது டிரான்சிஸ்டர் ஒலியலையின் முகட்டைச் சட்டெனத் தறித்து விடுகிறது. வால்வோ முகட்டைச் சிறிது சிறிதாக மழுக்குகிறது. அதனால் கம்பியை மெல்ல மீட்டினால் தெளிந்த ஒலியும், அழுத்தி மீட்டினால் கரகரப்பும் செறிவும் கொண்ட ஒலியும் ஒரே கருவியில், விரலின் கட்டளைப்படி எழுகின்றன.

வாட் என்னும் மயக்கம்

நூறு வாட் பெருக்கி பத்து வாட் பெருக்கியைவிடப் பத்து மடங்கு உரக்கப் பாடும் என்று பலரும் கருதுகின்றனர். இது பிழை. ஆற்றல் இருமடங்கானால் ஒலியளவு 3 டெசிபெல் மட்டுமே உயரும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் உயரும். நம் செவி அதனை ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகவே உணரும். எனவே 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையே செவி அறியும் வேறுபாடு இருமடங்கே. விலையிலும் எடையிலும் உள்ள வேறுபாடோ அதனினும் மிகப் பெரிது.

ஸ்பீக்கரின் தன்மையும் இங்குக் கருதத்தக்கது. ஒரு வாட் ஆற்றலுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி எழுகிறது என்பதை அதன் விவரத் தாளில் காணலாம். 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை 5 வாட்டில் இயக்கினால் 104 டெசிபெல் எழும். 91 டெசிபெல் தருவதில் அதே ஒலியைப் பெற நான்கு மடங்கு, அதாவது 20 வாட் வேண்டும். ஆதலின் நல்ல ஸ்பீக்கர் ஒன்று, பெருக்கியின் ஆற்றலை நான்கு மடங்காக்கியதற்கு ஒப்பாகும்.

சிறு பெருக்கியைத் தேர்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முன்னர்க் கூறிய செறிந்த ஒலி, வால்வு தன் எல்லையை நெருங்கும்போதே பிறக்கிறது. நூறு வாட் கருவியை அந்நிலைக்குக் கொண்டுசென்றால் தெருவே திரண்டு வரும். ஆகவே வீட்டில் அதனை ஒலியளவுத் திருகின் முதற்புள்ளியிலேயே அடக்கி வைக்க நேரும். எதற்காகப் பணம் கொடுத்தோமோ அந்த ஒலி ஒருநாளும் கேளாது.

வீட்டிற்கு ஏற்றது

வீட்டுப் பயன்பாட்டிற்கு 1 முதல் 5 வாட் வரை போதுமானது. இவ்வகையில் பெரும்பாலும் முன்னிலையில் இ.சி.சி.83 என்னும் வால்வு ஒன்றும், ஆற்றல் நிலையில் இ.எல்.84 அல்லது 6வி6 ஒன்றும் இருக்கும். ஒற்றை 6வி6 வால்வும் எட்டு அங்குல ஸ்பீக்கரும் கொண்ட பெண்டர் சாம்ப் இவ்வகையின் புகழ்பெற்ற முன்னோடி. வால்வுகள் குறைவாதலின் பழுதும் செலவும் குறைவு.

எனினும் 5 வாட்டும் ஓர் அறைக்குச் சிறிதன்று. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்பதும் செவிநலம் பற்றிய பரவலான வரையறை. அதன்படி 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. இழந்த செவியுணர்வு மீள்வதில்லை. அடுத்த அறையில் பாட்டியார் உறங்குவர். சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை தேர்வுக்குப் படிக்கும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லுமே வரம்பாக வகுத்துள்ளன. எனவே ஆற்றலை ஒரு வாட் அல்லது அதற்கும் கீழே குறைக்கும் விசை உள்ள கருவியைத் தேடுதல் நன்று.

மன்றத்திற்கு ஏற்றது

கல்லூரி இசை மன்றம், மெல்லிசைக் குழு, சிறு மண்டபம் ஆகியவற்றில் முதலிற் கேட்க வேண்டிய வினா, உடன் டிரம்ஸ் உண்டா என்பதே. தபேலாவும் கீபோர்டும் மட்டுமாயின் 5 வாட் கருவியே போதும். அதன் ஸ்பீக்கர்முன் ஒரு மைக்கை வைத்து மண்டபத்தின் ஒலியமைப்போடு இணைத்துவிடலாம். டிரம்ஸ் இருப்பின், இரண்டு இ.எல்.84 அல்லது இரண்டு 6வி6 கொண்ட 12 முதல் 20 வாட் வரையான கருவியும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரும் வேண்டும். 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்த வாக்ஸ் ஏ.சி.15 இரண்டு இ.எல்.84 வால்வுகளால் 15 வாட் தந்தது. மேடைக்குச் சிறு கருவி வேண்டுவோர் இன்றும் அந்த அளவையே நாடுகின்றனர்.

எவ்வகை இசை என்பது அடுத்த வினா. மின் மாண்டலினில் கருநாடக இசையை வாசித்துப் புகழ்பெற்ற உ. சீனிவாசின் வழியில் கமகங்களை வாசிக்க விழைவோருக்கு, முகடு மழுங்காத தெளிந்த ஒலி வேண்டும். அவர்களுக்கு 5 வாட் விரைவில் எல்லையைத் தொட்டுவிடும். 15 வாட் ஏற்றது. ராக், புளூஸ் இசைப்போருக்கு அம்மழுங்கலே அழகு. அவர்களுக்குச் சிறிய கருவியே சிறந்தது. நாளொரு பாட்டுக்கு ஒரு ஒலி மாற்றித் திரையிசை வாசிப்போருக்கு வால்வு இன்றியமையாததன்று. ஹெட்போன் வசதியுள்ள டிஜிட்டல் பெருக்கி குறைந்த விலையில் அப்பணியைச் செய்யும். இதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

வாங்குமுன் காண வேண்டியவை

கருவியின் பின்புறத்தில் 230 வோல்ட் என்று பொறிக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவி 120 வோல்ட்டுக்கும் 60 சுழற்சிக்கும் உரியது. அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வைத்தாலும், நம் 50 சுழற்சி மின்சாரத்தில் அதன் உள்மின்மாற்றி கூடுதலாகச் சூடேற இடமுண்டு.

ஸ்பீக்கரின் ஓம் அளவும் பெருக்கி கேட்கும் ஓம் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெருக்கியை ஒருபோதும் இயக்கலாகாது; இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகக்கூடும். ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பியை நேரே மிக்சரில் செருகுவதும் தகாது.

பழைய கருவியாயின் அரைமணி நேரமேனும் இயக்கிப் பார்க்க வேண்டும். வால்வின் உள்ளிழை செம்பொன் நிறத்தில் ஒளிர்வது இயல்பு. சுற்றியுள்ள தகடே சிவந்து கனன்றால் அது கோளாறு. பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியோசை எழுமாயின் அவ்வால்வை மாற்ற வேண்டியிருக்கும். இடைவிடாத உறுமல், மின்தேக்கிகள் உலர்ந்தமைக்கு அறிகுறியாகலாம். வால்வு தேயும் பொருள். மாற்று வால்வுக்கான செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுக. வால்வு வானொலியைப் பழுதுபார்த்துப் பழகிய முதியவர் ஒருவர் உங்கள் ஊரில் இருப்பின், கருவியை வாங்குமுன் அவரிடம் காட்டுங்கள்.

மின்சாரமும் உயிரும்

இக்கட்டுரையில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் கொள்ள இயலுமாயின் அது இதுவாகுக. 1972 மே 3ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவொன்றின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, சுவான்சி நகர மேடையில் முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்தாக்குண்டு உயிர் நீத்தார். கிதாரின் கம்பிகள் பெருக்கியின் எர்த்தோடு இணைந்தவை. ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கையில், எர்த்தில் பிழை இருப்பின் மின்சாரம் உடல்வழியே பாயும். உறுமலைக் குறைப்பதற்காக மூன்றாம் பின்னை வெட்டி எறிவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெருக்கியின் உட்புறத்தைத் தாமே திறப்பதும் கூடாது. அதன் மின்தேக்கிகள், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் தேவை. மின்வெட்டின்போது சதுர அலை இன்வர்ட்டரில் இதனை இயக்காமல், சாதாரண கிதாரை எடுத்துப் பழகுதல் அறிவுடைமை.

முடிவுரை

இவற்றையெல்லாம் அம்மாணவருக்கு எடுத்துரைத்தோம். "அப்படியானால் மண்டபத்துக்கு என்ன செய்வது, ஐயா?" என்றார். "மண்டபத்தில் மைக் இருக்கிறது, தம்பி; உன் வீட்டில் இருப்பது பத்தடி அறை" என்றோம். அடுத்த வாரம் தந்தையாரும் உடன் வந்தார். எர்த் பற்றி யாம் விளக்கத் தொடங்கியதுமே அவர் குறுக்கிட்டு, தம் வீட்டில் மூன்றாம் துளைக்குக் கம்பியே இல்லை என்றார். மின்சாரத்தைத் தடுக்கும் பொருளைச் சுட்டெடுப்பதே அவர் தொழில். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நூறு வாட் கருவியை அவர்கள் வாங்கவில்லை. 5 வாட் வால்வுப் பெருக்கி ஒன்றை வாங்கினர். மிஞ்சிய பணத்தில் முதலில் வீட்டிற்கு எர்த் குழி தோண்டப்பட்டது. பின்னர் ஸ்டெபிலைசர் வந்தது. கல்லூரி விழாவில் அச்சிறு பெட்டியை நாற்காலிமேல் வைத்து, அதன்முன் ஒரு மைக்கை நிறுத்தி அவர் வாசித்தார். கடைசி வரிசை வரை கேட்டது. கருவி வாங்கக் கருதும் மாணவர்கள் கடைக்குச் செல்லுமுன் தாம் வாசிக்கும் அறையை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக. அச்சுவரில் எர்த் உண்டா என்பதையும் அன்றே பார்ப்பார்களாக.