கட்டணம் குறைந்தது, செலவு குறையவில்லை

ஆங் மோ கியோவில் இருக்கும் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பிள்ளை படித்தால், "அதான் பர்சரி கிடைச்சிருச்சே, இன்னும் என்ன?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். குறைந்த வருமானக் குடும்பத்து டிப்ளோமா மாணவருக்கான அரசாங்க உதவித்தொகையின் உச்சவரம்பு, 2020இல் ஆண்டுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 2,750 வெள்ளியானது உண்மைதான். அது கல்விக் கட்டணத்தை அளவாக வைத்துப் போட்ட தொகை. சாப்பாடு, பஸ், ரயில், மடிக்கணினி, போன் எல்லாம் வீட்டின் தலையில்தான்.

உதவித்தொகை யாருக்கு என்று தீர்மானிக்கும் வருமானக் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். வீட்டாரின் சம்பளத்தையெல்லாம் கூட்டித் தலைக்கு வகுக்கிறார்கள். அதுவும் மத்திய சேமநிதி (மசேநி) பிடிப்பதற்கு முந்தைய சம்பளம். ஐந்து பேர் வீட்டில் அப்பாவுக்கு 2,800, அக்காவுக்கு 2,500 வெள்ளி என்று வையுங்கள். தலைக்கு 1,060 வெள்ளி. 20 விழுக்காடு மசேநிக்குப் போனபின் கைக்கு வருவது 848தான். அக்கா கட்டும் படிப்புக் கடன் தவணைக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. உதவிக்கான வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பங்கள் தவிப்பது இதனால்தான். பெற்றோரும் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவரும் கொண்ட குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்கு மாதம் 6,426 வெள்ளி, அதாவது தலைக்கு ஏறத்தாழ 1,600 வெள்ளி வேண்டும் என்று தியோ யூ யென், இங் கொக் ஹோ குழுவினரின் ஆய்வு 2021இலேயே கணக்கிட்டது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அதோடு விடாதீர்கள். அப்பாவுக்கு வேலை போயிருந்தாலோ யாருக்காவது நோய் வந்திருந்தாலோ, ஆட்குறைப்புக் கடிதம், மருத்துவமனை ரசீது ஆகியவற்றோடு கல்லூரியின் நிதியுதவிப் பிரிவிடம் மறுபரிசீலனை கேளுங்கள். மடிக்கணினிக்கு 'ஆப்பர்ச்சூனிட்டி ஃபண்ட்' உண்டா என்று பெயர் சொல்லியே விசாரியுங்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி ரோட்டில் இந்தியர்களுக்கான உதவி அமைப்பான சிண்டா இருக்கிறது. அதன் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வீட்டுச் செலவுக்கே திண்டாட்டம் என்றால் அரசாங்கத்தின் கம்கேர் உதவி எண் 1800-222-0000. கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிண்டாவுக்கு நம்மவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பணம் போகிறது.

அப்பாவின் மசேநியிலிருந்து எடுக்கும் கல்விக் கடன் கட்டணத்துக்கு மட்டுமே. படிப்பு முடிந்த ஓராண்டில் வட்டியோடு ரொக்கமாகத் திருப்பத் தொடங்க வேண்டும். அது அவருடைய ஓய்வுக்காலப் பணம்.

பணமுடையில் இருக்கும் மாணவர்களை மோசடிக்காரர்கள் தேடி வருகிறார்கள். "வங்கிக் கணக்கைக் கொடு, சிங்பாஸைக் கொடு, காசு தருகிறோம்" என்பார்கள். கொடுத்தால் சிறைக்கும் போக நேரலாம். பகுதிநேர வேலைக்குப் போனால் விவரமான சம்பளச் சீட்டை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். 2016 ஏப்ரல் முதல் அதைக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. சம்பளப் பாக்கி இருந்தால், வேலையை விட்ட 6 மாதத்துக்குள் 'டாடம்' எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் புகார் செய்ய வேண்டும்.