அனுமதி யாருக்குக் கொடுத்தீங்க?

எக்செல்ல இருக்கிற நூறு பேர் விவரத்தை ஒரு வெப் ஃபார்ம்ல ஒவ்வொண்ணா ஏத்தணும்னு வைங்க. பைத்தான் தெரிஞ்சவங்க கை நேரா பைஆட்டோஜியுஐ லைப்ரரிக்குத்தான் போகும். கொஞ்சம் கோடு எழுதினா போதும், மவுஸ் தானா நகரும், கீபோர்டு தானா டைப் அடிக்கும். ஆனா திரையைப் படிக்கிறதும், மத்த ஆப்ல டைப் அடிக்கிறதும்தான் பாஸ்வேர்டு திருடுற புரோகிராமுக்கும் வேணும். ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது அனுமதி மட்டும்தான்.

மேக்ல இது வெளிப்படையா தெரியும். ஒரு ஆப் இன்னொரு ஆப்பை இயக்க 2018-ல வந்த மொஹாவே அனுமதி கேட்க ஆரம்பிச்சது. திரையைப் பதிவு செய்ய 2019-ல கேட்டலீனா. இப்ப அந்தப் பெட்டியில வர்ற பேரைக் கவனிங்க. உங்க ஸ்கிரிப்ட் பேர் இருக்காது, 'டெர்மினல்'னு இருக்கும். விஎஸ் கோடுல ஓட்டினா அதோட பேர். அதாவது நீங்க அனுமதிச்சது உங்க பத்து வரியை இல்ல, அந்த டெர்மினல்ல இனிமே ஓடப்போற எல்லாத்தையும். அடுத்த வாரம் கிட்ஹப்ல இருந்து இறக்கின யாரோ ஒருத்தர் கோடும் அதே உரிமையோட ஓடும், மறுபடி கேள்வியே வராது. அதனால வேலை முடிஞ்சதும் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குப் போய் அக்ஸஸிபிலிட்டி, ஸ்கிரீன் ரெக்கார்டிங் ரெண்டுலயும் டெர்மினலை ஆஃப் பண்ணிடுங்க. அரை நிமிஷ வேலை.

நம்மில் பலர் கையில இருக்கிறது விண்டோஸ். அங்க சாதாரண டெஸ்க்டாப் புரோகிராம்கிட்ட யாரும் எதுவும் கேட்கிறதே இல்ல. விஸ்டா காலத்துல இருந்து ஒரே ஒரு சுவர் உண்டு: சாதாரண புரோகிராம், அட்மினா ஓடுற விண்டோவுக்குள்ள டைப் அடிக்க முடியாது. மேக்ரோ வேலை செய்யலைன்னு உடனே 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' அழுத்துறோமே, அந்தச் சுவரை நாமே இடிக்கிறோம்.

உபுண்டுவா? செட்டிங்ஸ்ல 'அபவுட்' திறந்து விண்டோயிங் சிஸ்டம் என்னன்னு பாருங்க. எக்ஸ்11-னா ஒரு விண்டோல அடிக்கிற எழுத்தை இன்னொரு புரோகிராம் படிச்சுக்கலாம். வேலாண்ட் அதைத் தடுக்கும். பைஆட்டோஜியுஐ அதுல தகராறு பண்றதுக்கும் அதுவே காரணம்.

காகுப்பத்துல விழுப்புரம் கேம்பஸ், மேல்பாக்கத்துல திண்டிவனம் கேம்பஸ், எங்க படிச்சாலும் ஸ்காலர்ஷிப் சீசன்ல ஒரு பிரவுசிங் சென்டர் வாசல்ல நிக்க வேண்டியிருக்கும். அந்த கம்ப்யூட்டர்ல என்ன ஓடுதுன்னு கடைக்காரருக்கே தெரியாம இருக்கலாம். ஆதார், பேங்க் விவரம் எல்லாம் முடிஞ்சவரை உங்க போன்லயே நிரப்புங்க, கடையில பிரிண்ட் மட்டும் எடுங்க. வேற வழியில்லாம அங்க பாஸ்வேர்டு அடிச்சிட்டா, வீட்டுக்கு வர்ற பஸ்லயே போன்ல அதை மாத்திடுங்க.




அப்படியே போன் செட்டிங்ஸ்ல அக்ஸஸிபிலிட்டி பட்டியலையும் ஒரு தடவை திறந்து, எந்தெந்த ஆப் 'ஆன்'ல இருக்குன்னு பாருங்க.