உரைத்தொகுப்பியும் புறநிரலும்: சொல்லடைவு வரிசைப்படுத்தலில் ஒரு தீர்வு

காரைக்கால் அம்மையாரின் 101 வெண்பாக்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதிக்குச் சொல்லடைவு அமைப்பதாகக் கொள்வோம். விம் உரைத்தொகுப்பியின் வரிசைப்படுத்தும் கட்டளை, இயல்புநிலையில் யூனிகோடு குறியெண்களையே ஒப்பிடுகிறது. அக்குறியெண்களில் னகரம் நகரத்தையும் றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன. நெடுங்கணக்கிலோ இவை இறுதியில் அமைவன. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பின் வைக்கப்பட்டிருப்பதால், அகராதியில் முந்தும் 'பக்கம்' இங்குப் 'பகல்' என்பதற்குப் பிந்திவிடுகிறது.

விம்மின் வியப்புக்குறிக் கட்டளை, குறித்த வரிகளைப் புறநிரலுக்கு உள்ளீடாக அனுப்பி, அதன் வெளியீட்டை அவ்விடத்திலேயே பதிக்கிறது. ஆகவே, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து நெடுங்கணக்கு எண்ணால் ஒப்பிடும் சிறு பைத்தான் நிரல் ஒன்றே போதுமானது. நிரல் பிழைப்பின் பிழைச்செய்தியே வரிகளை நீக்கி அமரக்கூடும். எனவே மூலப்படியைத் தனியே காத்தல் இன்றியமையாதது.